ஒரு பக்கம் ஒதுங்கும் பின்சக்கரங்கள்

காரின் பின்சக்கரங்கள் இரண்டும் மட்கார்டு வளைவுக்குள் ஏறக்குறைய ஒரே அளவு உள்ளடங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் டயர் வெளியே எட்டிப் பார்த்து, மறுபக்கம் உள்ளே பதுங்கியிருந்தால், பின்அச்சு மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்திருக்கக்கூடும். ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்தியவர்களும் தாழ்த்தியவர்களும்தான் இதை அதிகம் சந்திக்கிறார்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பி ஒன்று இருந்தால் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் ஸ்பானரை எடுக்கும் முன் அச்சு எதனால் ஒதுங்கியது என்று தெரிய வேண்டும்.

பழைய ஆல்டோ, ஜிம்னி போன்ற வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிறது. அதன்மேல் இருக்கும் காயில் ஸ்பிரிங் எடையைத் தாங்குமே தவிர, அச்சு பக்கவாட்டில் ஓடாமல் பிடித்து வைக்காது. அந்த வேலைக்கென்று குறுக்கே ஒரு கம்பி இருக்கிறது. அதன் ஒரு முனை வண்டியின் உடலிலும் மறுமுனை அச்சிலும் பூட்டப்பட்டிருக்கும். பிரெஞ்சு கார் நிறுவனமான பனார் எ லெவாசோரின் பெயரால் இது பன்ஹார்டு ராடு எனப்படுகிறது. உதிரிபாகக் கடையில் லேட்டரல் ராடு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

சிக்கலின் வேர் இந்தக் கம்பியின் வடிவிலேயே உண்டு. ஒரு முனை நிலையாக இருப்பதால், மறுமுனை மேலும் கீழும் போகும்போது நேர்கோட்டில் போகாமல் வட்ட வில்லில் போகிறது. அதாவது, அச்சு நடுவில் நிற்பது குறிப்பிட்ட ஓர் உயரத்தில் மட்டுமே. கம்பியின் நீளம் 900 மி.மீ., உடல் பக்க முனை அச்சுப் பக்க முனையைவிட 50 மி.மீ. மேலே என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் அச்சு சுமார் 4 மி.மீ. நகரும். 100 மி.மீ. உயர்த்தினால் நகர்வு 8 அல்ல, 11 மி.மீ. கம்பி செங்குத்தாகச் சாயச் சாய நகர்வு வேகமாகக் கூடும். அதோடு, ஒரு டயர் 11 மி.மீ. உள்ளே போக மற்றது அதே அளவு வெளியே வருவதால், கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் 22 மி.மீ. ஆகிவிடுகிறது.

நகரும் திசையையும் முன்கூட்டியே சொல்லலாம். மேற்சொன்ன அமைப்பில் வண்டியை உயர்த்தினால், கம்பி உடலில் பூட்டிய பக்கத்தை நோக்கி அச்சு இழுக்கப்படும். தாழ்த்தினால், கம்பி படுக்கை நிலைக்கு வரும்வரை எதிர்ப்பக்கம் தள்ளப்படும். உண்மையில் நகர்ந்திருக்கும் திசை இந்தக் கணக்குக்கு நேர்மாறாக இருந்தால், காரணம் வேறெங்கோ இருக்கிறது; கம்பியில் கை வைக்க வேண்டாம்.

அளப்பதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றைச் சமமாக்கி, சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் அளவு பொய் சொல்லும். வளைவின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் குறிக்க வேண்டும். இடப்பக்கம் 30, வலப்பக்கம் 20 என்றால் அச்சின் நகர்வு 10 அல்ல, அதில் பாதியான 5 மி.மீ. தகடுகளே சில மி.மீ. முன்பின் இருக்கும் என்பதால், குறிப்பாக டிங்கரிங் பார்த்த வண்டியில், சேஸிஸிலிருந்து டயரின் உட்பக்கம் வரையும் அளந்து ஒப்பிடுவது நல்லது. இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் கோணலாக இருப்பது தகடு. அச்சின்மேல் பழி போடக்கூடாது. நகர்வு இரண்டு மூன்று மி.மீ.தான் என்றால் விட்டுவிடலாம்.

அடுத்து, இருபுறமும் ஒரே வகை ரிம்தானா, ஒரு பக்கம் மட்டும் ஸ்பேசர் வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு புஷ். ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்ட, இன்னொருவர் கம்பியின் இரு முனைகளையும் கவனித்தால், தேய்ந்த ரப்பர் புஷ்ஷுக்குள் போல்ட் அலைவது தெரிந்துவிடும். உயரத்தை மாற்றாத வண்டியில் அச்சு ஒதுங்கியிருந்தால் தேய்ந்த புஷ், வளைந்த கம்பி, விரிசல் விட்ட பிராக்கெட் இவற்றில்தான் முதலில் தேட வேண்டும்.

உயர மாற்றம்தான் காரணம் என்று உறுதியானால், நீளத்தை மாற்றக்கூடிய கம்பியைப் போடுவதே தீர்வு. இருக்கும் கம்பியை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டு விசையைத் தாங்கும் உறுப்பு இது. பற்றவைப்பு விட்டால் ஓடும் வண்டியில் அச்சு கட்டுப்பாடின்றி அலையும். அந்தச் சிக்கனம் வேண்டாம்.

வேலை முழுவதும் வண்டியின் எடை சக்கரங்கள்மேல் இருக்கும்போதே நடக்க வேண்டும். உடலை ஜாக்கியில் தூக்கினால் அச்சு கீழே தொங்கும், கம்பியின் சாய்வு மாறும், வைக்கும் அளவும் தவறிவிடும். உறுதியான சாய்மேடை அல்லது குழி வசதி. எதுவானாலும் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது.

பழைய கம்பியைக் கழற்றி, புதியதை முதலில் அதே நீளத்துக்கு வைக்க வேண்டும். கம்பியின் உடல் முனை வலப்பக்கம் என்றால், நீட்டினால் அச்சு இடப்பக்கம் போகும், குறைத்தால் வலப்பக்கம் வரும். கம்பி ஏறக்குறைய படுக்கையாக இருக்கும்வரை, 5 மி.மீ. நகர்த்த 5 மி.மீ. நீள மாற்றம் போதும். ஒரு முனையில் வலப்புரியும் மறுமுனையில் இடப்புரியும் கொண்ட கம்பியில், புரி இடைவெளி 1.5 மி.மீ. என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் 3 மி.மீ. மாறும். குறைந்தது திருகின் விட்டம் அளவுக்காவது புரி உள்ளே இருக்க வேண்டும். போல்ட் துளைக்கு நேராக வராவிட்டால், உதவியாளர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொடுக்கலாம். துளை நேராகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்து நசுங்கியவர்கள் பட்டறைகளில் இருக்கிறார்கள். அளவு சரியானதும் லாக்நட்டையும் முனை போல்ட்டுகளையும் வண்டியின் கையேடு சொல்லும் முறுக்கில் இறுக்க வேண்டும்.

பின்அச்சு லீஃப் ஸ்பிரிங்மேல், அதாவது பட்டைமேல் நிற்கும் வண்டிகளில் இந்தக் கம்பி பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டையே அச்சைப் பிடித்து வைக்கிறது. அங்கே பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்தாலோ யூ போல்ட் தளர்ந்தாலோ அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி நண்டு போலக் கோணலாக ஓடும். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இருபுறமும் அளந்தால் இது வெளிப்படும். ஸ்விஃப்ட் போன்ற, டார்ஷன் பீம் கொண்ட கார்களில் தேய்ந்த புஷ்ஷை மாற்றுவதைத் தவிர வீட்டில் செய்ய அதிகம் இல்லை. விபத்தில் வளைந்த பீமும் சேஸிஸும் அளவுக் கருவிகள் உள்ள பட்டறைக்குப் போக வேண்டியவை.

கம்பி மாற்றிய வண்டியில் பிரேக் ஹோஸ், சைலன்சர் குழாய், டயரின் உட்பக்கம் எதுவும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டித் திரும்பி, தூக்குக்குண்டால் மீண்டும் அளக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியபின் லாக்நட்டை இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.