கொடுத்த பணம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா?

பேரனுக்குப் பால் வாங்கிக் கொடுக்கும்படி தாத்தா மாதம் 500 ரூபாய் அனுப்புகிறார். வீட்டில் ஏற்கெனவே பையனுக்காக 500 ரூபாய்க்குப் பால் வாங்குகிறார்கள். தாத்தா பணமும் சேர்ந்தால் பால் இரண்டு மடங்கு ஆக வேண்டும் அல்லவா?

ஆகவில்லை. தகப்பனார், தாத்தா அனுப்பிய பணத்தில் பால் வாங்குகிறார். தன்னுடைய 500 ரூபாயை வேறு செலவுக்கு எடுத்துக்கொள்கிறார்.

இதில் யாரும் திருடவில்லை. தாத்தா பணம் பாலுக்குத்தான் போயிற்று. ரசீதுகூட இருக்கிறது. ஆனால், பையன் முன்பு எவ்வளவு பால் குடித்தானோ, இப்போதும் அவ்வளவுதான் குடிக்கிறான்!

இதே சங்கடம் அமெரிக்க மத்திய சர்க்காருக்கும் வந்தது. ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு என்று அது கோடி கோடியாகப் பணம் கொடுத்தது. அந்தப் பணம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக ஏற்பட்டவைதான் இங்கே சொல்லப்போகும் கணக்குகள்.

பள்ளிக்கூடம் நடத்துவது யார்?

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை நடத்துவது மத்திய சர்க்கார் அல்ல. அதற்கென்று "பள்ளி வட்டாரம்" என்ற அமைப்பு இருக்கிறது. நாடு முழுவதும் சுமார் 13 ஆயிரம் வட்டாரங்கள் உண்டு. பெரும்பாலான வட்டாரங்களில், அந்தந்த ஊர் மக்களே ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிரியர்களை நியமிப்பது, பஸ் விடுவது, கட்டடத்தைப் பழுது பார்ப்பது எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு.

பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பெரும் பகுதி, ஊரில் உள்ள வீடு, நிலம் இவற்றின்மீது போடும் வரியில் இருந்து வருகிறது. இன்னொரு பெரும் பகுதியை ராஜ்ய சர்க்கார் கொடுக்கிறது. மத்திய சர்க்கார் கொடுப்பது, சாதாரண ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. பணக்கார ஊரில் வீடுகளின் விலை அதிகம். ஆகவே வரியும் அதிகம் கிடைக்கும். ஏழை ஊரில் வரி குறைவாகக் கிடைக்கும். எந்த ஊரில் குழந்தைக்கு உதவி அதிகம் தேவையோ, அந்த ஊரில் பணம் குறைவு!

வாத்தியார் ஜனாதிபதி ஆனார்

இந்தக் கோளாறை நேரில் பார்த்தவர் லிண்டன் ஜான்சன். 1928ஆம் ஆண்டில் அவர் டெக்சாஸ் ராஜ்யத்தில் கோட்டுல்லா என்ற சிறிய ஊரில் வாத்தியாராக வேலை பார்த்தார். அவரிடம் படித்தவர்கள் மெக்சிகோ வம்சத்து ஏழைக் குழந்தைகள்.

பிற்காலத்தில் அவர் ஜனாதிபதி ஆனார். 1965ஆம் ஆண்டு ஏப்ரல் 11ந் தேதி பள்ளிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வாஷிங்டன் மாளிகையில் அல்ல. தான் சிறு வயதில் படித்த, ஒரே அறை கொண்ட பழைய பள்ளிக்கூடத்தின் முன்னால் கையெழுத்துப் போட்டார். தனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஏழைக் குழந்தைகள் அதிகம் உள்ள பகுதிகளுக்கு மத்திய சர்க்கார் பணம் கொடுக்க அந்தச் சட்டம் வழி செய்தது. சட்டத்தின் முதல் பாகத்தில் இது சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே "முதல் பாகப் பணம்" என்றே இதற்குப் பெயர். இப்போது இது ஆண்டுக்குச் சுமார் 1,800 கோடி டாலர்.

பணம் போன வழி

சட்டம் வந்து 4 ஆண்டுகள் ஆயின. 1969ஆம் ஆண்டில் ரூபி மார்ட்டின், பில்லிஸ் மெக்ளூர் என்ற இரண்டு பெண்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தப் பணம் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுகிறதா என்று அதில் கேட்டார்கள்.

பல இடங்களில் உதவவில்லை என்று தெரிந்தது. சில வட்டாரங்கள் இந்தப் பணத்தை எல்லாப் பள்ளிக்கூடங்களின் பொதுச் செலவுக்கும் எடுத்துக்கொண்டன. வேறு சில இடங்களில் நடந்தது இன்னும் அநியாயம். வெள்ளையர் குழந்தைகளின் பள்ளிக்கு வேண்டியதை ஊர்ப் பணத்தில் செய்தார்கள். கறுப்பர் குழந்தைகளின் பள்ளிக்கு அதே வேலையை மத்திய சர்க்கார் பணத்தில் செய்தார்கள். கூடுதலாகக் கிடைக்க வேண்டிய பணம், முன்பே கிடைத்திருக்க வேண்டிய பணத்துக்கு ஈடாகிவிட்டது!

1970ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டத்தை இறுக்கியது.

மூன்று நிபந்தனைகள்

இப்போது இந்தப் பணம் வாங்கும் வட்டாரம் மூன்று நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும்.

ஒன்று: மத்திய சர்க்கார் பணம் சொந்தப் பணத்துக்கு மேல் சேர வேண்டும், அதற்குப் பதிலாக வரக்கூடாது. ஊர்ப் பணத்தையும் ராஜ்யப் பணத்தையும் எந்த முறையில் பள்ளிகளுக்குப் பங்கிடுகிறோம் என்று வட்டாரம் காட்ட வேண்டும். மத்திய உதவி பெறுகிறது என்பதற்காக ஒரு பள்ளியின் பங்கைக் குறைக்கக்கூடாது.

இரண்டு: உதவி பெறும் பள்ளியும், அதே வட்டாரத்தில் உதவி பெறாத பள்ளியும் சொந்தப் பணத்தில் ஏறக்குறைய சமமாக நடத்தப்பட வேண்டும். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர் என்ற கணக்கைப் போட்டு இதைப் பார்ப்பார்கள்.

மூன்று: வட்டாரம் தன் சொந்தச் செலவைத் திடீரென்று குறைத்துவிடக்கூடாது.

மூன்றாவது நிபந்தனைக்கு நேரடியாகக் கணக்குப் போட வேண்டும். அது எப்படி என்று பார்ப்போம்.

நூற்றுக்குத் தொண்ணூறு

ஒரு வட்டாரம் ஓர் ஆண்டில் சொந்தப் பணத்திலும் ராஜ்யப் பணத்திலும் 1 கோடி டாலர் செலவு செய்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டில் அது குறைந்தது 90 லட்சம் டாலராவது செலவு செய்திருக்க வேண்டும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. கணக்கு முடிந்த இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டுத்தான் இதைப் பார்க்கிறார்கள்.

எல்லாச் செலவும் இதில் சேராது. சம்பளம், பாடம் நடத்துதல், நிர்வாகம், பஸ், கட்டடப் பராமரிப்பு இவை சேரும். புதுக் கட்டடம் கட்டிய செலவும், கடனுக்குக் கட்டிய வட்டியும் சேரா. மத்திய சர்க்கார் கொடுத்த பணமும் சேராது. வாங்கிய பணத்தையே தன் செலவு என்று காட்ட முடியாது அல்லவா?

பிள்ளைகள் குறைந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. மொத்தச் செலவைக் காட்டலாம். அல்லது ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைக் காட்டலாம். இரண்டில் ஒன்று சரியாக இருந்தால் போதும்.

ஒரு வட்டாரத்தில் 1,000 பிள்ளைகள்; செலவு 1 கோடி டாலர். ஒரு பிள்ளைக்கு 10,000 டாலர் ஆகிறது. மறு ஆண்டு 800 பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். செலவு 82 லட்சம். மொத்தத்தைப் பார்த்தால் 90 லட்சத்துக்குக் குறைவு, தோல்விதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு 10,250 டாலர் ஆகிறது. வட்டாரம் தேறிவிட்டது!

தேறாத வட்டாரத்துக்குத் தண்டனை உண்டு. செலவு 90 லட்சத்தில் இருந்து எத்தனை சதவிகிதம் குறைந்ததோ, மத்திய உதவியும் அத்தனை சதவிகிதம் குறையும். 81 லட்சம்தான் செலவு செய்தார்கள் என்றால், அது 90 லட்சத்தைவிட 10 சதவிகிதம் குறைவு. ஆகவே உதவியிலும் 10 சதவிகிதம் வெட்டப்படும்.

2015ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டபோது கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். முந்திய 5 ஆண்டுகளில் ஒரு தடவைகூடத் தவறாத வட்டாரம், முதல் தடவை தவறினால் தண்டனை இல்லை. புயல், வெள்ளம் போன்ற விபத்து வந்தாலும், வட்டாரத்தின் வருமானம் திடீரென்று சரிந்தாலும் மன்னிப்புக் கேட்கலாம்.

நூற்றுக்கு நூறு

கண் தெரியாத குழந்தைகள், காது கேளாத குழந்தைகள், நடக்க முடியாத குழந்தைகள், படிப்பு மெதுவாக ஏறும் குழந்தைகள் ஆகியோருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஜெரால்டு போர்டு அதில் கையெழுத்துப் போட்டார். இப்போது இந்தச் சட்டத்தினால் பயன் பெறுகிறவர்கள் 75 லட்சம் பேருக்கும் மேல்.

இந்தக் குழந்தைகளுக்கு நாட்டில் ஒரு மாணவனுக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவிகிதம்வரை மத்திய சர்க்கார் கொடுக்கலாம் என்று சட்டத்தில் எழுதினார்கள். அந்த அளவை மத்திய சர்க்கார் ஒரு நாளும் எட்டவில்லை. ஆனால், வட்டாரங்களுக்குப் போட்ட நிபந்தனை மட்டும் மிகக் கண்டிப்பானது. இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு போதாது. நூற்றுக்கு நூறு வேண்டும்!

சோதனையும் இரண்டு தடவை நடக்கும். ஆண்டு தொடங்கும் முன்பு, "இவ்வளவு செலவு செய்யப்போகிறோம்" என்று வரவு-செலவுத் திட்டத்தைக் காட்ட வேண்டும். ஆண்டு முடிந்த பிறகு, உண்மையில் செலவு செய்ததைக் காட்ட வேண்டும்.

செலவு குறைவதற்குச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் சில உண்டு. 80,000 டாலர் சம்பளம் வாங்கிய மூத்த ஆசிரியை ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு 50,000 டாலர் சம்பளத்தில் புதியவர் வருகிறார். மிச்சம் 30,000 டாலர். இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால், பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஆசிரியையை வீட்டுக்கு அனுப்பினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மிக அதிகச் செலவு பிடித்த ஒரு குழந்தை வேறு ஊருக்குப் போய்விடலாம். தனிக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையலாம். சென்ற ஆண்டு விலை உயர்ந்த சாதனம் வாங்கியிருக்கலாம். அதை இந்த ஆண்டும் வாங்க வேண்டியதில்லை. இவையும் நியாயமான காரணங்கள்தான்.

காரணம் இல்லாமல் குறைத்தால், குறைந்த தொகையை மத்திய சர்க்காருக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டாரம் வாங்கிய உதவி அதைவிடக் குறைவாக இருந்தால், அந்த உதவித் தொகை அளவுக்குக் கட்டினால் போதும். கட்டுவது ராஜ்ய சர்க்கார். அது வட்டாரத்திடம் வசூலித்துக்கொள்ளலாம்.

தவறியதால் மறு ஆண்டுக் கோடு கீழே இறங்காது. 20 லட்சம் செலவு செய்ய வேண்டிய இடத்தில் 18 லட்சம் செலவு செய்தால், அடுத்த ஆண்டும் 20 லட்சம்தான் கணக்கு. ஒரு தடவை தப்புச் செய்து நிரந்தரமாக லாபம் அடைய முடியாது.

டெக்சாஸ் தோற்ற வழக்கு

ராஜ்ய சர்க்காருக்கும் இதேபோன்ற நிபந்தனை உண்டு. 2012ஆம் ஆண்டில் டெக்சாஸ் ராஜ்யம் இந்தக் குழந்தைகளுக்கு ஒதுக்கிய பணம், முந்திய ஆண்டைவிட 3 கோடி 33 லட்சம் டாலர் குறைந்தது. அதே தொகையை உதவியில் குறைக்க மத்திய கல்வித் துறை முடிவு செய்தது.

டெக்சாஸ் கோர்ட்டுக்குப் போயிற்று. "ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன தேவை என்று பார்த்து நாங்கள் பணம் ஒதுக்குகிறோம். தேவை குறைந்தது, பணமும் குறைந்தது" என்பது அதன் வாதம்.

2018ஆம் ஆண்டு நவம்பரில் மேல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. டெக்சாஸ் தோற்றது. கொடுத்த பணம் குறைந்ததா, இல்லையா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. தேவையை ராஜ்யமே அளந்து, அதைக் காட்டிப் பணத்தைக் குறைக்க முடியாது என்று ஆகிவிட்டது.

நல்லதா, கெட்டதா?

பள்ளி அதிகாரிகள் பலருக்கு இந்த நிபந்தனை பிடிக்கவில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு வட்டாரத்தில் இந்த ஆண்டு பணம் தாராளமாக இருக்கிறது. தனிக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர்களைக் கூடுதலாக நியமிக்கலாம். ஆனால், நியமித்தால் அந்தச் செலவு அடுத்த ஆண்டுக்குக் கோடாகிவிடும். பிறகு வருமானம் குறைந்தாலும் அதில் இருந்து இறங்க முடியாது. "எதற்கு வம்பு?" என்று சும்மா இருந்துவிட்டால், நஷ்டம் குழந்தைக்குத்தான்.

சிக்கனத்துக்கும் இதில் இடம் குறைவு. ஊழியர்களின் இன்சூரன்சை மலிவாக முடித்து மிச்சம் பிடித்தாலும், சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்களில் அது இல்லை.

ஆனால், கோடே இல்லாவிட்டால் என்ன ஆகும்? வருமானம் குறையும் ஆண்டில் முதலில் எதை வெட்டுவார்கள்? விளையாட்டுப் போட்டியை வெட்டினால் ஊரே திரண்டு வரும். காது கேளாத நாலு குழந்தைகளின் ஆசிரியையை நிறுத்தினால், கேட்க வருவது நாலு தாய்மார்கள்தான். அந்த நாலு பேருக்காகத்தான் சட்டம் கோடு போட்டிருக்கிறது.

2021ஆம் ஆண்டில் கொரோனா நிவாரணமாகப் பள்ளிகளுக்கு 12,200 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அப்போதும் இதே எண்ணத்தில் ஒரு நிபந்தனை போட்டார்கள். செலவைக் குறைக்க நேர்ந்தால், ஏழைக் குழந்தைகள் அதிகம் உள்ள பள்ளிகளின் தலையில் அதிகச் சுமையை ஏற்றக்கூடாது என்பதுதான் அது.

இந்தக் கணக்குகளால் ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. பணம் எவ்வளவு செலவாயிற்று என்று சொல்லும். பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று சொல்லாது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியரும் பெற்றோரும்தான்.

பெற்றோருக்கு அதற்கு ஒரு வசதி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது, அதில் மத்திய சர்க்கார் பணம் எவ்வளவு, ராஜ்யத்தின் பணமும் ஊர்ப் பணமும் எவ்வளவு என்று வெளியிட வேண்டும் என 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் எந்தத் தாயும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறைந்திருந்தால், "ஏன்?" என்று கேட்கலாம்.