விழுந்த குஞ்சும் இறங்கிய குஞ்சும்



செப்ரெம்பர் தொடங்கிக் கோடை முடியும்வரை சிட்னியில் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். வளவில் ஒரு குஞ்சு விழுந்து கிடக்கிறது, என்ன செய்வது என்று நேயர்கள் கேட்பதுண்டு. சென்ற மாதம் ஒலிபரப்பில் இதைப் பற்றிப் பேசினேன். எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டபடியால் இங்கே தருகிறேன். நான் பறவை நிபுணன் அல்ல, கணக்காளன். ஒரு குஞ்சைக் காப்பாற்றப் போய் அது செத்துப்போன பிறகுதான் இவற்றைத் தேடிப் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை. பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே ஒரு நொய்சி மைனர் குஞ்சு இருந்தது. ஊரில் நாங்கள் கண்ட மைனா வேறு. இது இந்த நாட்டுப் பறவை. சாம்பல் நிறம், மஞ்சள் சொண்டு. குஞ்சின் உடம்பில் இறகு முளைத்திருந்தது, வால் மட்டும் கட்டை. பறக்க முடியாமல் தத்தித் தத்திக் கத்திக்கொண்டு திரிந்தது. சின்ன மகள் அழத் தொடங்கிவிட்டாள். சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து உள்ளே கொண்டுவந்தோம். அம்மா பஞ்சைப் பாலில் நனைத்து அதன் வாயில் பிழிந்தார். பிறகு குழைத்த சோறு கொடுத்தார். பின்னேரம் முழுவதும் நாலைந்து பெரிய பறவைகள் வேலியில் இருந்து கத்தின. ஏன் கத்துகின்றன என்று நாங்கள் யோசிக்கவில்லை. விடியப் பார்த்தால் குஞ்சு செத்துக் கிடந்தது.

எங்கே பிழை விட்டோம்? முதற் பிழை, அந்தக் குஞ்சு விழவே இல்லை. அது தானாக இறங்கியது.

பல பறவைகளின் குஞ்சுகள் சரியாகப் பறக்கப் பழகுமுன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். தரையிலும் பற்றையிலும் சில நாட்கள் திரியும். தாயும் தகப்பனும் அங்கேயே தேடிவந்து உணவு கொடுக்கும். நொய்சி மைனர் கூட்டமாக வாழும் பறவை. பெற்றோரோடு மற்றப் பறவைகளும் சேர்ந்து குஞ்சுக்கு ஊட்டும். வேலியில் நின்று கத்தியவை அவைதான்.

ஆகவே முதலில் குஞ்சை வடிவாகப் பாருங்கள். இறகு முளைத்து, தத்தித் திரிந்து, கொப்பில் பற்றிக்கொண்டு நிற்கக்கூடியது என்றால் அது இறங்கிய குஞ்சு. நாய் பூனையை வீட்டுக்குள் விட்டுப் பூட்டுங்கள். குஞ்சு தெருவோரத்தில் இருந்தால் பக்கத்துப் பற்றையில் தூக்கி வையுங்கள். பிறகு தூரப் போய் நின்று பெற்றோர் வருகின்றனவா என்று ஒன்றிரண்டு மணி நேரம் கவனியுங்கள். நாங்கள் கிட்ட நின்றால் அவை இறங்கிவராது.

இறகில்லாமல், கண் திறக்காமல் இருந்தால் அது உண்மையில் விழுந்த குஞ்சு. உடம்பு சூடாகவும் காயமில்லாமலும் இருந்து, கூடும் எட்டுமானால் திரும்ப வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. கூடு எட்டாவிட்டால் அல்லது குஞ்சு குளிர்ந்து சோர்ந்திருந்தால் உதவிக்கு அழையுங்கள்.

இரண்டாவது பிழை, நாங்கள் கொடுத்த பால். பறவைகளுக்குப் பால் சமிக்காது. அதோடு, பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னால் இருக்கிறது. வாயில் பிழிந்துவிடும் பாலோ தண்ணீரோ நேரே நுரையீரலுக்குள் போய்விடலாம். பாணும் சோறும் அதன் உணவல்ல. அரைத்த இறைச்சியை மட்டும் கொடுத்து வளர்த்தாலும் கல்சியம் போதாமல் எலும்பு வளைந்துவிடும்.

சரியான உணவே இருந்தாலும் ஒரு கணக்குப் பாருங்கள். இறகு முளைக்காத குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஊட்டவேண்டும். அரை மணிக்கு ஒருமுறை என்று வைத்தாலும் 13 மணி நேரப் பகலில் 26 தடவை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்கிற காரியமா?

காயப்பட்டிருந்தால், அல்லது பூனை பிடித்திருந்தால், காத்திருக்க வேண்டாம். காயம் வெளியில் தெரியாவிட்டாலும் பூனையின் வாயில் உள்ள கிருமி குஞ்சைக் கொன்றுவிடும். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட மட்டைப் பெட்டியில் துவாய் விரித்து, குஞ்சை வைத்து மூடி, இருட்டான, சூடான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். கிட்டிய மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். காட்டுப் பறவைகளுக்குப் பொதுவாக அவர்கள் காசு வாங்குவதில்லை. வயர்ஸ் அமைப்பையும் 1300 094 737 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

நியூ சவுத் வேல்ஸில் இந்நாட்டுப் பறவைகள் 2016ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இப்படி வெளியில் எடுத்த குஞ்சை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. ஆபத்தில் இருப்பதை எடுத்து உடனே வைத்தியரிடமோ பராமரிப்பாளரிடமோ ஒப்படைப்பது குற்றமல்ல, பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தாய் தகப்பன் இல்லாத குஞ்செண்டு நினைச்செல்லோ எடுத்தனான். அதுகள் வேலியிலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டிருக்குதுகள்” என்றார். இடப்பெயர்வின்போது சனத்துக்குள் என் தம்பியைத் தவறவிட்டு அரை நாள் தேடித் திரிந்தவர் அவர்.

அடுத்த வருடமும் ஒரு குஞ்சு இறங்கியது. இந்த முறை நாங்கள் ஒருவரும் வெளியே போகவில்லை. அம்மா குசினி யன்னலோரம் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியோடு காவலிருந்தார். அரை மணி நேரத்துக்குள் பெரிய பறவை ஒன்று புழுவோடு வந்து இறங்கியது. நாலாம் நாள் குஞ்சு வேலியில் ஏறியிருந்தது.