மூத்தவள் கல்லூரிக்குச் சென்ற வீடு

மூத்த பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் நாள் எல்லா இல்லங்களிலும் வருவதுதான். தாய் கண் கலங்குவதும், தந்தை அதனைக் காணாதவர்போல் பெட்டிகளை இரண்டாம் முறை எண்ணுவதும் நமக்குப் புதியன அல்ல. ஆயினும், தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே குடியிருக்கும் நம்போன்றோர் வீடுகளில் இந்நிகழ்ச்சியால் விளையும் மாறுதல்கள் சில தனித்தன்மை உடையன. அவற்றைச் சற்று விரிவாக நோக்குவதே இப்பேச்சின் கருத்து. நோக்குவதற்கு ஓர் ஊரும் ஒரு வீடும் வேண்டுமல்லவா? ஊர், கழக்கூட்டம்.

திருவனந்தபுரம் நகரின் நடுவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கொல்லம் செல்லும் பெருவழியில் அமைந்தது கழக்கூட்டம். திருவிதாங்கூர் வரலாற்றில் பேசப்படும் எட்டு வீட்டில் பிள்ளைமாருள் ஒருவருக்கு உரியதாகச் சொல்லப்படும் பழைய ஊர். 2010 முதல் திருவனந்தபுரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. தமிழ்க் குடும்பங்கள் இவ்வட்டாரத்துக்கு வந்ததற்குப் பெருங்காரணங்கள் இரண்டு. அருகிலுள்ள தும்பாக் கடற்கரையிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. அங்கே வளர்ந்த விண்வெளி நிலையத்துக்குப் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் பல மாநிலங்களிலிருந்து வந்தனர். இராமேசுவரத்து அப்துல் கலாமும் அவ்வாறு வந்தவரே. பின்னர் 1990இல், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் இங்கே தோன்றிற்று. கணினித் தொழில் நாடி வந்த இளைஞர்கள் மணம் முடித்து, வீடு கட்டி, இவ்வூராராகவே ஆகிவிட்டனர்.

நாம் அறிந்த ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். தந்தை திருநெல்வேலிச் சீமையினர், டெக்னோபார்க்கில் பணி. தாய் வீட்டையே முழுநேரமும் கவனிப்பவர். பிள்ளைகள் மூவர். மூத்தவள் பெண், அவளுக்குத் திருச்சிராப்பள்ளியில் ஒரு பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. இளையவர் இருவரும் ஆண் பிள்ளைகள். ஒருவன் ஒன்பதாம் வகுப்பு, மற்றவன் நான்காம் வகுப்பு.

பயணத்தைப் பொறுத்தவரையில் இக்காலத்துத் தாய்மார் கொடுத்து வைத்தவர்களே. தும்பாவுக்கு முதலில் வந்த குடும்பங்களுக்கு நாகர்கோவில் வழியே இரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு 1979இலும், அங்கிருந்து திருநெல்வேலிக்கு 1981இலும்தான் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இன்று திருவனந்தபுரத்தில் ஏறிய பிள்ளை, வண்டி மாறாமல் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, மதுரை வழியாகத் திருச்சி போய்ச் சேரலாம்.

பயணத்தைவிடக் கடினமாயிருந்தது சான்றிதழ் திரட்டும் வேலை. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியற் சேர்க்கைக்கு மாநில நுழைவுத்தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். கேரளத்திலோ நுழைவுத்தேர்வு உண்டு. ஆகவே வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் தமிழ்நாட்டையே நாடுகின்றனர். ஆனால் பள்ளிப்படிப்பை வெளிமாநிலத்தில் முடித்தவர்கள் தாம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களே என்பதற்குப் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதனைத் தமிழ்நாட்டு வருவாய்த் துறை வழங்குகிறது. இ-சேவை மையத்தின் வாயிலாக விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் பள்ளிச் சான்று, சமுதாயச் சான்று முதலிய பழைய தாள்கள் அப்போதுதான் தேடப்படும். மதிப்பெண் வந்த பின் தேடத் தொடங்குவது பெருந்தவறு; பிள்ளை பதினோராம் வகுப்பில் காலெடுத்து வைக்கும்போதே தேடிவிடுதல் நலம். நம் அம்மையார் தம் கணவரின் மாற்றுச் சான்றிதழை ஊர் வீட்டுப் பரணில், பழைய நாட்காட்டி ஒன்றின் உறைக்குள்ளிருந்து எடுத்தார். இதனை எல்லாம் தாயே செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் செய்தவர் அவர்தாம்.

இனி அடுக்களைக்கு வருவோம். பிள்ளை பிரிந்ததை முதலில் உணர்த்துவது இட்டலி மாவு. நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கு மாறுவதில்லை. அளவுதான் மாற வேண்டும். ஐவருக்கு அரைத்துப் பழகிய கை நால்வருக்குக் குறைக்க மறுக்கிறது. கழக்கூட்டம் போன்ற கடலோர ஊரின் புழுக்கத்தில் மாவு விரைவில் பொங்கிப் புளிக்கும். மூன்று நாளில் தீர வேண்டிய மாவு நான்காம் நாளும் எஞ்சிவிடுகிறது. அந்த மாதம் முழுவதும் வீட்டார் நான்காம் நாள்தோறும் புளித்த தோசை உண்டனர். குறைக்க வேண்டியிருந்தது ஓர் ஆழாக்கு அரிசியே. அந்த ஆழாக்கைக் குறைக்க அம்மையாருக்கு ஒரு மாதத்துக்கு மேலாயிற்று; மறதியால் அன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விடுதிக்குக் கொடுத்தனுப்பும் பொடிகளைப் பற்றியும் இங்கே சில சொற்கள் சொல்லலாம். பருப்பை இளந்தீயில் நிதானமாக வறுத்து ஈரத்தைப் போக்க வேண்டும். உப்பையும் சட்டியில் இட்டு வெதுப்பிக்கொள்ள வேண்டும். அரைத்த பொடி முற்றும் ஆறிய பின்னரே புட்டியில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகப் படிந்து பூசணம் பிடிக்கும். நெடுநாள் இருக்க வேண்டிய பொடியில் தேங்காய் சேர்த்தல் ஆகாது. அதன் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். மேலும், ஒரு பெரிய புட்டியைவிட நான்கு சிறிய புட்டிகள் மேல். விடுதியில் யாருடைய கரண்டி ஈரமாயிருக்கும் என்று யார் அறிவார்?

நடுவண் அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆடவர் 88 நிமிடங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் கொண்டு எடுத்த கணக்கு இது. எனவே மகளின் நிமிடங்களும் பெண்களின் கணக்கில் அடங்கியவையே. பால் வாங்கி வருதல், துணி மடித்தல், தம்பியின் கணக்குப் பாடத்தைப் பார்த்தல் என்று மூத்தவள் செய்துவந்த வேலைகள் அவள் போனதும் மறைந்துவிடவில்லை. அவை ஓசையின்றித் தாயின் பங்கில் வந்து சேர்ந்தன. அந்த மாதத்து மழையில் துணி உலர்வதே அரிது. உலர்ந்தவற்றை மடிப்பதற்கும் ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் பால் வாங்கும் பொறுப்பையும் துணி மடிக்கும் வேலையையும் ஒப்படைக்கச் சொன்னவர் தந்தையே என்பதை நாம் இங்கே பாராட்டிக் குறிப்பிடுகிறோம். பையன் மடிக்கும் சட்டைகள் சதுரமாக இருப்பதில்லை. அது வேறு செய்தி.

நாட்காட்டியும் இரண்டாகப் பிரிந்தது. நமக்கு ஆடி பிறக்கும் நாளில்தான் மலையாளிகளுக்குக் கர்க்கடகம் பிறக்கிறது. மாதம் ஒன்று, பெயர் இரண்டு. விடுமுறைகள் அவ்வாறு ஒத்துப்போவதில்லை. ஓணத்துக்குத் தம்பிமார்க்குப் பத்து நாள் பள்ளி இல்லை. அக்காவுக்கோ திருச்சியில் வகுப்பு. பொங்கலுக்கு அக்காவுக்குத் தொடர்ந்து சில நாள் ஓய்வு. திருவனந்தபுரம் உள்ளிட்ட எல்லையோர மாவட்டங்கள் ஆறுக்குக் கேரள அரசு தரும் பொங்கல் விடுமுறையோ ஒரே நாள். மூவரும் ஒருங்கே வீட்டிலிருக்கும் நாட்களைக் கணக்கிட்டு இரயிலில் இடம் பதிவு செய்வது தாயின் புதிய தொழிலாயிற்று. அறுபது நாள் முன்னரே பதிவு தொடங்கிவிடுவதால், பொங்கலைப் பற்றிய கவலை அவருக்குக் கார்த்திகையிலேயே பிறக்கிறது.

இவையெல்லாம் எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது ஒன்று உண்டு. மகள் சென்ற சில வாரங்களில் வீட்டில் பேச்சே குறைந்துபோனதாக அம்மையார்க்குத் தோன்றிற்று. பிள்ளைகள் இருவரும் வாயடைத்துப் போகவில்லை. முன்போலவே ஓயாமல் பேசினார்கள். ஆனால் மலையாளத்தில் பேசினார்கள்.

இதற்குக் காரணம் யாது? முதற்குழந்தை பள்ளி செல்லும்வரை பெற்றோர் மொழியையே கேட்டு வளர்கிறது. பின்னர் பள்ளி மொழியை வீட்டுக்குக் கொண்டுவருவதும் அதுவே. ஆதலால் அடுத்துப் பிறக்கும் குழந்தைகள் தொட்டிலிலேயே இரு மொழிகளையும் கேட்கின்றன. தங்களுக்குள் பேசத் தெருவின் மொழியைத் தேர்ந்துகொள்கின்றன. குடிபெயர்ந்தோர் குடும்பங்களை ஆராய்ந்த மொழியியலார் பல நாடுகளில் இதனைக் கண்டுள்ளனர்: தாய்மொழி பெரும்பாலும் மூத்த பிள்ளையிடத்திலேயே உறுதியாக நிற்கிறது. நம் வீட்டில் அக்காள் தமிழில் கேட்டால் தம்பியர் தமிழில் விடை சொல்வர். கேட்பவள் போனபின் விடைக்கு வேலை இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. அம்மையார் மலையாளத்தில் பேசவல்லவர். அண்டை வீட்டார் அவரைச் 'சேச்சி' என்று அழைத்து வெகுநேரம் உரையாடுவர். ஆனால் படிக்கத் தெரியாது. கேரளப் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2017இல் வந்தது. பிள்ளைகள் மலையாளம் கற்றனர், தாய் கற்கவில்லை. நியாயவிலைக் கடையின் அறிவிப்பு, மாநகராட்சித் தாள், பேருந்துப் பலகை ஆகிய அனைத்தையும் படித்துச் சொன்னவள் மகளே. அவள் இல்லாத நாளில் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைச் சின்னவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். 'அவசரம்' என்ற சொல் வந்தது. அம்மையார் பதறி அன்றே பள்ளிக்கு ஓடினார். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு என்று பொருள்! கலைவிழாவில் பங்குகொள்ள மாணவர்க்கு ஒரு வாய்ப்பு என்பதே செய்தி. 'அவகாசம்' என்பதும் அவ்வாறே. நமக்கு அது கால நீட்டிப்பு, அவர்களுக்கு உரிமை. நெருங்கிய உறவினரிடம் ஏற்படும் மனத்தாங்கல் போன்றது நெருங்கிய மொழிகளின் இந்த வேறுபாடு.

ஆக, மூத்தவள் ஒரு பாலமாக இருந்திருக்கிறாள்: தாய்க்கு மலையாளத்தையும் தம்பியர்க்குத் தமிழையும் சுமந்து தந்தவள். தான் சுமந்ததை அவளும் அறியாள்.

தாய்மொழிக் கல்விக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிக் கல்வி அளிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ உறுப்பு கூறுகிறது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருப் பக்கம் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. ஆயினும் கழக்கூட்டத்திலிருந்து நான்காம் வகுப்புக் குழந்தையை நாள்தோறும் அங்கே அனுப்புவார் எவர்? இதில் ஒரு வேடிக்கை உண்டு. கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை இருக்கிறது. மேனங்குளத்தில், வ. அய். சுப்பிரமணியம் 1977இல் நிறுவிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் நிறுவனம் இருக்கிறது. தமிழில் ஆராய்ச்சிப் பட்டம் நடந்துபோகும் தூரத்தில். அரிச்சுவடியோ நகரத்தின் மறுகோடியில்!

தமிழெழுத்து அறியாமை வெறும் மனக்குறையோடு நிற்பதும் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு பெற்றாலன்றி மற்றத் தாள்கள் மதிப்பிடப்படா என்பது 2021 திசம்பரில் வந்த ஆணை. பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத நம் பிள்ளைகள் அங்கே வாயிலிலேயே நிற்க நேரும். சென்னையிலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் வெளியிடங்களில் வாழ்வோர்க்கென அடிப்படைப் பாடங்களை நடத்திவருகிறது. மலையாளம் அறியாதவர்க்குக் கேரள எழுத்தறிவு இயக்கம் 'பச்சமலையாளம்' என்ற படிப்பை வைத்திருக்கிறது.

நம் அம்மையார் பாடப் புத்தகத்துக்குக் காத்திருக்கவில்லை. பேருந்துப் பலகையிலிருந்து தொடங்கினார். 'கழக்கூட்டம்' என்ற பெயரே முதற்பாடம். தமிழின் சிறப்பெழுத்து எனப்படும் ழகரம் மலையாளத்திலும் உண்டு. ஒலியை அறிந்தவர்க்கு உருவைப் பிடிப்பது எளிது. இடர் தந்தது ககர வரிசை. தமிழில் ஓர் எழுத்து செய்யும் வேலைக்கு மலையாளத்தில் நான்கு எழுத்துகள். எந்த இடத்தில் எது என்பதில் அவர் இன்றும் தடுமாறுகிறார். இரவு உணவுக்குப் பின் சின்னவனே அவருக்கு ஆசிரியன். ஆனால் பாடம் நடத்துவது தமிழில்தான் என்பது அம்மையார் விதித்த நிபந்தனை. இது சூழ்ச்சி என்று பையன் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

எழுதிய பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து ஞாயிறுதோறும் திருச்சிக்கு அனுப்புகிறார். விடுதித் தோழியிடம் தமிழெழுத்துப் பயிலும் மகள், பிழைகளைத் திருத்தித் தமிழில் நான்கு வரி எழுதி விடுக்கிறாள். சென்ற வாரம் வந்த கடிதத்தில் ஊர்ப்பெயரில் ஒரு ககர ஒற்று விடுபட்டிருந்தது. அம்மையார் அதனைச் சிவப்பு மையால் சேர்த்து, மறுபடியும் படமெடுத்து, அன்றிரவே திருப்பி அனுப்பினார்.