மின்னிசைக்கு முதற்படி

(இளங்கலை இயற்பியல் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் எழுதியது)

திருமண வீடாயினும் திருவிழாவாயினும் டி.ஜே. ஒருவர் வந்துவிட்டால் இளைஞர் கூட்டத்திற்குக் கொண்டாட்டந்தான். பாட்டோடு பாட்டை இணைத்து ஊரையே ஆட வைப்பவரைக் காணும்போது, "நாமும் இப்படி ஆகலாகாதா?" என்ற ஆசை பலருக்கு எழுகிறது. என் வகுப்புத் தோழர் ஒருவருக்கும் எழுந்தது. கருவி வாங்குவதற்குத் தாயாரின் தோட்டை அடகு வைக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். விடுமுறை நாட்களில் சாத்தூரில் ஓர் ஒலிபெருக்கி நிலையத்தில் நான் வேலை பார்ப்பதுதான் அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம். "வேண்டாம், முதலில் எண்ணப் பழகு" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

கருவி புதிது, அறிவு பழையது

1973இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்னும் இளைஞர் விருந்துகளில் இசைத்தட்டுகளை ஒலிக்கத் தொடங்கினார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து வரும் இடத்தில்தான் கூட்டம் உற்சாகமாக ஆடுகிறது என்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழற்பலகைகளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியுமுன் மற்றதில் அதையே தொடங்கி நீட்டினார். அவருடைய மூலதனம் கவனித்துக் கேட்ட காதேயாகும்.

நம் நாட்டிலும் அப்படித்தான். 1969இலேயே அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 'மூக்' என்னும் மின்னிசைக் கருவி வந்து இறங்கியது. 1982இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் தாளப்பெட்டியையும் சிந்தசைசரையும் கொண்டு பத்து இராகங்களை இசைத்து வெளியிட்டார். பெட்டி புதிது, இராகமோ அவர் முன்பே அறிந்தது. 1989இல் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் அமைத்த ஏ. ஆர். ரகுமானும், அதற்கு முன்பே பல ஆண்டுகள் பிறர் குழுக்களில் கீபோர்டு வாசித்தவரே.

இணைப்பது எப்படி?

ஒரு நிமிடத்தில் விழும் தாள அடிகளின் எண்ணிக்கையே பாட்டின் வேகம். கடிகாரத்தைப் பார்த்து 15 வினாடிக்கு எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 30 அடி விழுந்தால் வேகம் 120. அடுத்த பாட்டின் வேகம் 124 என்றால், முதற்பாட்டைச் சற்றேறக்குறைய 3.3 விழுக்காடு விரைவாக்க வேண்டும். பிறகு நான்கு நான்காக எண்ணி, 16 அடிகள் நிறையும் இடத்தில் இரண்டாம் பாட்டின் முதல் அடியை விடவேண்டும். அதனை முதலில் ஹெட்போனில் தாம் மட்டும் கேட்டுச் சரிபார்த்த பின்னரே கூட்டத்திற்குக் கொடுப்பர். இரு பாட்டுகளின் கனத்த ஒலியும் ஒன்றாக வந்தால் இரைச்சலாகும். ஆகவே ஒன்றில் அதைக் குறைத்த பிறகே மற்றதில் கூட்டுவர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வாத்தியக் குழுவினர் கூடியிருந்து வாசித்த பழைய பாட்டுகளில் வேகம் சற்றே கூடும், குறையும். இயந்திரத் தாளத்தில் அமைந்த பாட்டுகளில் அது மாறாது. புதிதாகப் பழகுவோர் இரண்டாம் வகையில் தொடங்குவது நலம். இதற்கு 'மிக்ஸ்' என்னும் இலவச மென்பொருளும் ஒரு சாதாரணக் கணினியுமே போதும்.

இசை அமைப்பது எப்படி?

ஒரு தாளில் 16 கட்டங்கள் வரையுங்கள். வேகம் 120 என்றால் நான்கு கட்டங்களுக்கு ஓர் அடி. ஒரு கட்டத்திற்கு வினாடியில் எட்டில் ஒரு பங்கு. 1, 5, 9, 13ஆம் கட்டங்களில் கனத்த முழவொலி. 5, 13இல் கைதட்டல். 3, 7, 11, 15இல் 'சிக்' என்ற மெல்லொலி. உலகெங்கும் ஆடரங்குகளில் ஒலிக்கும் தாளத்தின் எலும்புக்கூடு இதுவே!

அந்தச் 'சிக்' ஒலிக்கு எங்கே போவது? நம் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? பாதி நிறைந்த ஒரு பெட்டியைக் கைபேசியின் அருகே குலுக்கிப் பதிவு செய்யுங்கள். 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் ஒரே ஒரு குலுக்கலை மட்டும் வெட்டியெடுத்தால் வேலை முடிந்தது. இவ்வாறே வைப்பாற்றுப் பாலத்தில் செல்லும் இரயிலின் ஓசையும், காராச்சேவு பொரியும் ஓசையும் உங்கள் வாத்தியங்களே. இவற்றைக் கட்டங்களில் அடுக்க 'எல்.எம்.எம்.எஸ்.' என்னும் இலவச மென்பொருள் உதவும்.

நம் கும்மிக்கு இந்தக் கட்டம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கும்மி பெரும்பாலும் திஸ்ர நடை. மூன்று மூன்றாக நடப்பது. அதற்கு 12 கட்டங்கள் வரைந்து, அடிக்கு மூன்று கட்டம் விடவேண்டும். நாட்டுப்பாடலுக்குப் பின்னால் ஆயத்தத் தாளத்தை ஒட்டும்போது சில வேளை ஒட்டாமல் போவதன் காரணம் இதுவே. அந்த ஒட்டாமையைத் திருத்த வல்லவர் கும்மியைக் கேட்டு வளர்ந்த நாமல்லவா?

காதும் ஊரும்

ஒலிபெருக்கியின் முன்னே நெடுநேரம் நிற்பவன் என்ற உரிமையில் ஒரு சொல். 85 டெசிபெல் ஒலியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தாலே செவித்திறன் கெடக்கூடும். இழந்த செவித்திறன் திரும்புவது அரிது. காதே முதலான தொழிலில் காதை இழக்கலாமோ? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில விழா நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்களிக்கலாம். விடியலில் வேலைக்குச் செல்லவேண்டிய தாய்மார் நிறைந்த ஊர் நம்முடையது என்பதை நினைத்தால், விதியும் தேவையில்லை.

நண்பர்களே! கருவி வேண்டாம் என்பது என் வாதமன்று. மூன்று திங்கள் நாள்தோறும் அரைமணி நேரம் எண்ணிக் கேட்டுப் பழகுங்கள். அதன் பிறகும் ஆசை தணியாவிட்டால், எந்தக் கருவி வேண்டும், ஏன் வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். அதுவரை ஒரு தாள், ஒரு கைபேசி, ஒரு தீப்பெட்டி போதும்.