கொசு மருந்தும் கோல்ப் காலணியும்

தென் கொல்கத்தாவிலுள்ள டாலிகஞ்சுக்கு அப்பெயர் வந்தது வில்லியம் டாலி என்னும் ஆங்கிலப் படை அதிகாரியால். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தூர்ந்து கிடந்த ஆதி கங்கையை அவர் வெட்டிக் கால்வாயாக்கினார். அன்று படகுகள் ஓடிய கால்வாயில் இன்று கழிவுநீரே மிகுதி. அதனருகே வாழ்வோர்க்குக் கொசுவைப்பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானதெனப் போற்றப்படும் ராயல் கல்கத்தா கோல்ப் கழகம், 1829-இல் தோன்றியது, இப்பகுதியிலேதான் இருக்கின்றது. 1895-இல் நிறுவப்பட்ட டாலிகஞ்ச் கழகமும் இங்கேயே. லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய நம்மவரில் சிலரும், அலுவலக நண்பர்களுடன் அதிகாலையில் மட்டையேந்திப் புல்வெளிக்குச் செல்வதுண்டு.

அங்கே நிகழும் சிறு விபத்து ஒன்று. மழைக்காலக் காலைவேளை, கணுக்காலைக் கொசு மொய்க்கின்றது. குனிந்து மருந்தைத் தெளித்துக்கொள்கின்றோம். ஆட்டம் முடிந்து பார்த்தால், வெண்மையாய் மின்னிய காலணியின் மேற்புறம் பிசுபிசுக்கின்றது. விரல் வைத்தால் ரேகை பதிகின்றது. பொறித்திருந்த எழுத்துகளும் கரைந்து இழுபட்டுவிட்டன. அழுக்கென்று எண்ணித் தேய்த்தால் கேடு பெருகுகின்றது. நல்ல கோல்ப் காலணியின் விலை அறிந்தோர்க்கு இந்நட்டம் சிறிதன்று.

காரணம் எளிது. பல கொசு மருந்துகளில் டீட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அமெரிக்க வேளாண்துறையினர் 1944-இல் உருவாக்கிய இப்பொருள், 1946-இல் அந்நாட்டுப் படைவீரர்க்கும், 1957-இல் பொதுமக்களுக்கும் பயன்பாட்டிற்கு வந்தது. கொசுவை விரட்டுவதில் அது வல்லது. அதனோடு ஒரு கரைப்பானாகவும் செயல்படும். பிளாஸ்டிக், ரேயான், ஸ்பான்டெக்ஸ், வர்ணம், வார்னிஷ் ஆகியவற்றை அது இளக்கிவிடும். பருத்தியையும் கம்பளியையும் நைலானையும் தீண்டுவதில்லை. இன்றைய கோல்ப் காலணிகள் பலவற்றின் மேற்புறம் பாலியுரித்தேன் பூசிய செயற்கைத் தோல். மெய்யான தோலாயினும், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பதனிட்ட தோலின் மீதுகூட இறுதியில் ஒரு பிசின் படலமும் நிறமும் பூசுவது தொழில் வழக்கம். மருந்து முதலிற் கெடுப்பது அப்படலத்தையே.

ஆகவே இதனைக் கறை என்று கருதுதல் பிழை. கறை மேலே படிவது. இதுவோ மேற்பரப்பே கரைந்து போதல். கரைந்ததை மீட்க இயலாது. மேலும் கரையாமற் காக்கலாம், அவ்வளவே.

மருந்து பட்டது தெரிந்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கலாகாது. டீட் தனி நீரில் எளிதிற் கலவாது. ஆதலால் மென்மையான சோப்பை வெதுவெதுப்பான நீரிற் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, மும்முறை துடைக்கலாம். பின்பு நல்ல நீரில் நனைத்த துணியால் சோப்பையும் அகற்றி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் உலரவிடுதல் நன்று. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றைக் கொண்டு துடைக்கத் துணிவோர் உளர். எஞ்சிய படலத்தையும் அவை கொண்டுபோய்விடும். இரண்டொரு நாள் சென்றும் பிசுபிசுப்பு நீங்காவிடின் சிறிது முகப்பவுடரைத் தூவித் துடைத்தால் ஒட்டுதல் குறையும். மெய்த்தோல் காலணியாயின், நன்கு உலர்ந்தபின் அதே நிறப் பாலிஷ் இட்டால் வடு பெரும்பாலும் மறையும். செயற்கைத் தோலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

மற்றொன்றையும் இங்கே சொல்லவேண்டும். வங்காளத்தின் ஈரக்காற்றில் நெடுநாள் பெட்டியிற் கிடந்த காலணியின் அடிப்பாகம் தானாகவே பிசுபிசுத்துப் பொடிந்து உதிர்வதுண்டு. அது ஈரத்தால் பாலியுரித்தேன் சிதைவது. மருந்தின்மேற் பழி சுமத்தலாகாது. மருந்தின் வடு தெளிப்பு விழுந்த இடத்திலும் விரல் பட்ட இடத்திலும் மட்டுமே தோன்றும். ஈரத்தின் சிதைவோ அடிப்பாகம் முழுவதும் பரவும்.

காலணியைக் காக்க மருந்தையே கைவிடலாமோ எனின், கூடாது. டெங்குவைப் பரப்பும் கொசு பகலிற் கடிப்பது. கணுக்காலை விரும்பித் தேடுவது. ரொனால்டு ராஸ் 1898-இல் பறவைகளின் மலேரியாவைக் கொசு பரப்புவதை மெய்ப்பித்ததும் இந்நகரில்தான். காலணி போனால் வேறு வாங்கலாம். ஆதலின் வீட்டிலேயே, காலணி அணியுமுன், மருந்தைக் கையில் ஊற்றிக் காலில் தடவி, அது உலர்ந்தபின் பருத்திக் காலுறை அணிக. கையைச் சோப்பிட்டுக் கழுவியபின்பே நாடாவை முடிக. பிகாரிடின் கலந்த மருந்து கிடைப்பின் அது மேலும் நன்று; பிளாஸ்டிக்கை அது கெடுப்பதில்லை.

புல்தரையில் நின்று தெளிப்பதையும் தவிர்க்க. தெளித்த இடத்தைச் சுற்றிப் புல் கருகி, நின்றவரின் இரு பாதங்களின் வடிவம் மட்டும் நடுவே பசுமையாய் எஞ்சுவதுண்டு. குற்றவாளியின் காலளவைத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேறு சாட்சி வேண்டியதில்லை!

மூக்குக் கண்ணாடியின் சட்டம், கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் மூடி, மட்டையின் ரப்பர்ப் பிடி, குழந்தைகளின் ரெக்ஸின் பள்ளிப்பை ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருந்துப் புட்டியைக் காலணியோடு ஒரே பையில் இட்டு வைப்போர், அதன் மூடி கசிகின்றதா என்று இன்றே திறந்து பார்ப்பார்களாக.