அரண்மனைக்கு நெருங்கிய மளிகைக்காரர்: ஊவாவில் லிப்டன் வாங்கிய மலை

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்து முடித்தவர்களில் பலர் அடுத்து ஹப்புத்தளைக்கு ரயில் ஏறுகிறார்கள். அங்கே தம்பேத்தன்ன தோட்டத்துக்கு மேலே 'லிப்டன் சீட்' இருக்கிறது. தேநீர்க் கோப்பையோடு அமர்ந்திருக்கும் சிலையின் பக்கத்தில் இருந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தோமஸ் லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பம். 1871இல் தொடங்கிய ஒரு பலசரக்குக் கடையைப் பிரித்தானியா எங்கும் கிளை விடச் செய்தார். 1890இல் அவர் இலங்கை வந்தபோது கோப்பியை இலைநோய் அழித்திருந்தது. தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. தம்பேத்தன்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார்.

இவை யாருடைய காணிகள்? கண்டி இராச்சியத்தின் மலைகள். 1818இல் ஊவாக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. உரிமை காட்ட முடியாத காணிகளெல்லாம் பிரித்தானிய முடிக்குரியவை என்று 1840இன் சட்டம் சொன்னது. முடி எடுத்தது, பிறகு துரைமாருக்கு விற்றது.

லிப்டன் விற்ற தேயிலையில் சொந்தத் தோட்டத்தில் விளைந்தது சிறு பங்குதான். ஆனால் விளம்பரத்துக்கு அந்தத் தோட்டமும், கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படமும் தேவைப்பட்டன. 1895இல் விக்டோரியா மகாராணிக்குத் தேயிலை வழங்கும் உரிமை கிடைத்தது. 1897இல் மகாராணியின் வைரவிழாவையொட்டி, லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க இளவரசி அலெக்சாண்ட்ரா திரட்டிய நிதிக்கு 25,000 பவுண் கொடுத்தார். அடுத்த ஆண்டே 'சேர்' பட்டம், 1902இல் பரோனெட். ஏழாம் எட்வர்ட் மன்னரின் நட்பு வட்டத்திலும் இருந்தார். அரண்மனையில் பதவி எதுவும் இல்லை. பணமும் பாய்க்கப்பலும்தான் கதவைத் திறந்தன. அப்படியும் பிரபுக்களின் பாய்க்கப்பல் கழகம் இந்த மளிகைக்காரரை உறுப்பினராக்கியது 1931இல், அவர் இறந்த ஆண்டில்தான்.

லண்டனில் விருந்து நடந்த காலத்தில் மலையகத் தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. லிப்டனின் சொத்தில் பெரும்பகுதி கிளாஸ்கோவுக்குப் போனது. அந்த நகரம் அவரை வளர்த்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளம்பரத்தில் கூடை சுமந்தவளுக்கு அந்தக் கணக்கில் பெயரே இல்லை.

கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கைமாறியும் கொழுந்து பறிக்கிறவர்களின் கைக்குக் காணி வரவில்லை. 1948இல் பெரும்பாலானோருக்குக் குடியுரிமைகூட மறுக்கப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் சிலருக்கு 7 பேர்ச் கிடைத்திருக்கிறது. பலர் இன்னும் உறுதிப்பத்திரம் இல்லாத லயன் அறைகளில்தான் இருக்கிறார்கள்.

இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிந்து லயன்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எழுந்து போவதற்கு அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை.