தண்ணீர்கூட நெஞ்சில் நிற்குதா? அசிடிட்டி மாத்திரைக்கு அடங்காத 'அகலேசியா'

ஆபீஸில் மதிய சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸில் தயிர் சாதம்தான். நாலு வாய் உள்ளே போனதும் நடு நெஞ்சில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கு. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் அதுவும் மேலேயே நிற்கிறது. எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, இன்னும் ரெண்டு மடக்கு குடித்தால் ஒருவழியாக இறங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் சொல்வது, "மெதுவா மென்னு சாப்பிடுப்பா."

இப்படி ஒருவர் டாக்டரிடம் போனால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் அசிடிட்டி மாத்திரை. அதில் தப்பில்லை, நெஞ்செரிச்சல்தான் ஊரெல்லாம் இருக்கும் பிரச்னை. மாத்திரைக்குக் கேட்காவிட்டால் எண்டோஸ்கோபி. அதில் 'நார்மல்' என்று வந்துவிட்டால்தான் சிக்கலே. "டென்ஷன் குறைச்சுக்கோங்க" என்ற அறிவுரையோடு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஓடிவிடும். அதற்குள் எடை குறைந்திருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவே கூச்சம் வந்திருக்கும்.

இந்தக் கதைக்குப் பின்னால் இருக்கக்கூடிய அரிய நோய்களில் ஒன்றுதான் அகலேசியா. ஆண்டுக்கு சுமார் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குப் புதிதாக வருவது. அதனால்தான் டாக்டர்களுக்கும் சட்டென்று ஞாபகம் வருவதில்லை.

திறக்க மறுக்கும் கதவு

நம் உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ நீளம். அது வெறும் பைப் இல்லை. விழுங்கியதும் மேலிருந்து கீழாக அலை அலையாகச் சுருங்கி உணவைத் தள்ளும். அடியில், இரைப்பை தொடங்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை. உணவு வரும்போது தளர்ந்து வழிவிடும், பிறகு மூடிக்கொள்ளும். 'தளரு' என்று அந்தத் தசைக்குச் சொல்லும் நரம்பு செல்கள் அழிந்துபோவதுதான் அகலேசியா. மேலே தள்ளும் அலையும் கெட்டுவிடும், கீழே கதவும் திறக்காது. ஏன் அழிகின்றன என்பதற்கு இன்னும் முழுப் பதில் இல்லை; உடலின் எதிர்ப்பு சக்தியே அந்த செல்களைத் தாக்குவதாகச் சந்தேகிக்கிறார்கள்.

பெயருக்கு கிரேக்கத்தில் 'தளராமை' என்று அர்த்தம். தமிழில் 'அகலாத' கதவு என்று ஞாபகம் வச்சுக்கலாம். தற்செயல்தான், ஆனால் கச்சிதமாகப் பொருந்துது.

இதில் முக்கியமான துப்பு தண்ணீர். உணவுக்குழாய் ஏதாவது கட்டியாலோ தழும்பாலோ குறுகினால் முதலில் சிக்குவது சப்பாத்தி, இறைச்சி போன்ற திட உணவு. தண்ணீர் பிறகுதான் சிக்கும். அகலேசியாவில் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே இரண்டும் சிக்கும். படுத்தால் சாப்பிட்டது அப்படியே எதுக்களித்து வரும், புளிப்பே இல்லாமல். ஏன்னா அது இரைப்பைக்கே போகவில்லை! ராத்திரி இருமல், நெஞ்சுவலிகூட வரலாம். டாக்டரிடம் "அசிடிட்டி" என்று நாமே பெயர் வைத்துச் சொல்லாமல், எது சிக்குது, எங்கே சிக்குது, எப்போதிலிருந்து என்று சொன்னாலே பாதி வழி தெளிவாகிவிடும்.

'நார்மல்' ரிப்போர்ட்டுக்குப் பிறகு

எண்டோஸ்கோபி அவசியம். உணவுக்குழாயின் அடியில் புற்றுநோய் இருந்தாலும் அகலேசியா மாதிரியே தெரியலாம், அதை முதலில் ஒதுக்க வேண்டும். ஆனால் கேமரா காட்டுவது உள்சுவரை. தசை சரியாக வேலை செய்கிறதா என்பது அதில் பிடிபடாமல் போகலாம், குறிப்பாக ஆரம்பக் கட்டத்தில்.

அதற்கு இரண்டு டெஸ்ட் உண்டு. ஒன்று பேரியம் ஸ்வாலோ: வெள்ளையான ஒரு திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். அகலேசியாவில் மேலே அகன்று, அடியில் பறவையின் அலகு மாதிரி கூர்ந்து தெரியும். இன்னொன்று ஹை ரெசல்யூஷன் மனோமெட்ரி. வரிசையாக சென்சார்கள் பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். மயக்க மருந்து கிடையாது. சுகமான அனுபவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு விழுங்கலின் அழுத்தமும் கலர் படமாகத் திரையில் வரும். நோயை உறுதிசெய்வது இந்த டெஸ்ட்தான். அகலேசியாவில் இருக்கும் மூன்று வகைகளில் எது என்பதும் இதில்தான் தெரியும். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அந்தத் தகவல் வேண்டும்.

திமிங்கில எலும்பிலிருந்து 'போயம்' வரை

1674-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், வளையும் திமிங்கில எலும்பின் நுனியில் ஸ்பாஞ்சு கட்டி, அதை வைத்து உணவைத் தள்ளச் சொல்லி ஒரு நோயாளியை வருடக்கணக்கில் காப்பாற்றினார். இன்றைய சிகிச்சையின் லாஜிக்கும் அதேதான்: செத்த நரம்பை மீட்க முடியாது, கதவைத் திறந்துவிடலாம். அதன்பிறகு உணவைக் கீழே இறக்குவது பெரும்பாலும் புவியீர்ப்புதான்.

பலூனை உள்ளே விட்டு ஊதி தசையை விரிப்பது ஒரு வழி. 1913-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்துகாட்டிய, தசையை வெட்டிவிடும் ஆபரேஷன் இன்னொன்று. இப்போது லேப்ராஸ்கோபியில் செய்கிறார்கள். மூன்றாவது 'போயம்'. 2008-ல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே மனிதர்களுக்கு முதன்முதலில் செய்தது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, உணவுக்குழாய்ச் சுவருக்குள்ளேயே சுரங்கம் தோண்டி, உள்ளிருந்து தசையை வெட்டுவார்கள். வயிற்றில் தழும்பு இல்லை. இந்தியாவிலும் பெரிய மையங்களில் நடக்கிறது. ஹைதராபாத்தின் ஏஷியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்ட்ராலஜி 2017-லேயே 400-க்கும் அதிகமானவர்களுக்குச் செய்த முடிவுகளை வெளியிட்டது. ஆபரேஷனைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு போடாக்ஸ் ஊசி உண்டு, ஆனால் பலன் சில மாதங்கள்தான்.

புதுசு என்பதாலேயே போயம்தான் பெஸ்ட்டா? 2019-ல் வெளியான ஒரு ஆய்வில் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, போயம் செய்தவர்களில் 83% பேருக்கும் லேப்ராஸ்கோபி செய்தவர்களில் 82% பேருக்கும் பலன் நீடித்தது. கிட்டத்தட்ட சமம். ஆனால் அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாவது போயத்தில் 44%, மற்றதில் 29%. லேப்ராஸ்கோபியில் இரைப்பையின் ஒரு பகுதியை மடித்துத் தைத்து அமிலத்துக்குத் தடுப்பு வைப்பதே காரணம். அதேசமயம், தசை நீளமாக இறுகிக்கொள்ளும் மூன்றாவது வகைக்கு போயம்தான் வசதி, வெட்டை மேலே வரை கொண்டுபோகலாம். ஆக, "லேட்டஸ்ட் எது டாக்டர்?" என்பதைவிட "எனக்கு எந்த வகை?" என்று கேட்பது பிரயோஜனம்.

அகலேசியா இல்லைன்னா?

வேறு சில அரிய காரணங்களும் உண்டு. அலர்ஜி, ஆஸ்துமா உள்ள இளைஞருக்கு சிக்கன் துண்டு அடிக்கடி சிக்கினால் ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் ஆக இருக்கலாம். எண்டோஸ்கோபியில் சுவர் நன்றாகத் தெரிந்தாலும் சதை எடுத்து பயாப்ஸி பார்த்தால்தான் தெரியும். மருந்து, உணவு மாற்றம் இரண்டும் உதவும். கடுமையான இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள பெண்களுக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு வளரலாம். பிளம்மர் வின்சன் என்று பெயர். இரும்புச்சத்து மாத்திரையிலேயே பலருக்குத் தேறும், தேவைப்பட்டால் சவ்வை விரித்துவிடுவார்கள். பின்னாளில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு என்பதால் தொடர்ந்து செக்கப் வேண்டும்.

சாப்பிட்டது சிக்கி எச்சில்கூட விழுங்க முடியலைன்னா, காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போகணும். நடுவயதைத் தாண்டியவருக்கு திட உணவு சில வாரங்களிலேயே வேகமாகச் சிரமமாகி எடையும் இறங்கினால், அரிய நோயைத் தேடுவதற்கு முன் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யணும்.

அகலேசியாவுக்குச் சிகிச்சை முடிந்தவர்களில் பெரும்பாலானோர் தட்டில் இருப்பதை எல்லோரையும் போலச் சாப்பிட முடிகிறது. சிலருக்கு அசிடிட்டி மாத்திரை தொடரும், இந்த முறை சரியான காரணத்துக்காக. சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது, தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கணும், டாக்டர் சொல்லும் இடைவெளியில் எண்டோஸ்கோபியும் பார்த்துக்கணும். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் மட்டும் எப்பவும் இருக்கும்.